ஒயில்னா ஒயில்தான்

எங்கள் அண்ணன் குடித்துவிட்டுக் கார் ஓட்டினான் என்று முதலில் சொன்னது அவனுடைய முதலாளிதான். எங்கே வைத்துச் சொன்னார் தெரியுமா? தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில், சாவுப் பந்தலுக்குக் கீழே, எங்கள் அம்மா கொடுத்த பிளேன்டீயைக் கையில் பிடித்துக்கொண்டு. பக்கத்து நாற்காலிக்காரரிடம் காதோடு சொல்வது போல, ஆனால் பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"நல்ல பையன்தாங்க. என்னா செய்ய, அன்னைக்கி கொஞ்சம் போட்டிருக்கான். அதோட ஸ்பீடு. அந்த வளைவுல பிரேக் புடிக்க மறந்துட்டான்."

மறந்துவிட்டானாம். பிரேக் பிடிக்க யாராவது மறப்பார்களா? மூச்சு விட மறந்தான் என்று சொல்வது மாதிரி இருந்தது எனக்கு. அந்த டீக் கிளாசைப் பிடுங்கி வீச வேண்டும் போல இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவருக்கு இன்னொரு கிளாஸ் கொண்டுவரச் சொல்லி என்னிடம் கண்ணைக் காட்டினாள். அன்றைக்கு எனக்கு அம்மா மேலும் கோபம்தான். இப்போதும் அதை நினைத்தால் கொஞ்சம் வருகிறது.

அண்ணன் குடிக்கவே மாட்டான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சம்பள நாளில் குடிப்பான். குடித்தால் பழைய பாட்டெல்லாம் பாடுவான், அம்மாவின் காலைப் பிடித்து அழுவான், அடுத்த நாள் வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர்க் குடத்தை அவனே தூக்கி வருவான். ஆனால் கார்ச் சாவி இடுப்பில் இருக்கிற நாளில் தொடமாட்டான். இது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், முதலாளி சொன்னதற்குப் பிறகு, அதே வாய்கள் வேறு மாதிரி பேசின. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நான் குடம் வைக்கும்போது பேச்சு நிற்கும். கோயிலுக்குப் போனால், "பாவம், நல்ல புள்ளதான், அந்தச் சனியன் மட்டும் இல்லாட்டி" என்பார்கள். அந்தச் சனியன் என்றால் சாராயம்.

நடந்தது இதுதான். அண்ணன் ஹட்டனில் கடை வைத்திருக்கிற அந்த முதலாளியின் காரை ஹயருக்கு ஓட்டினான். யாத்திரைக்காரர்கள் மலை ஏறுகிற காலத்தில் கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை மலையடிவாரத்து நல்லதண்ணிக்குக் கூட்டிப் போவான். அன்றைக்கும் ஒரு சிங்களக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனான். எங்கள் தோட்டத்துக்குக் கீழே உள்ள நீண்ட இறக்கத்தில் கார் நிற்கவில்லை. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் பாறை. அவன் வலது பக்கம் வெட்டித் திருப்பியிருக்கிறான். டிரைவர் கதவுதான் பாறையில் போய் அடித்தது. அவன் பக்கம். வண்டியில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும்தான்.

ஆஸ்பத்திரியில் அந்தக் குடும்பத்துப் பெரியம்மா ஒருவர் எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொல்லிச் சொல்லி அழுதார். "பிரேக் பேகுவா, பேகுவா, அல்லுவே நே." பிரேக்கை மிதித்தான், மிதித்தான், பிடிக்கவில்லை என்று. அவர் சொன்னதை நான் முதலாளியிடம் சொன்னபோது, "பயத்துல ஆளுக்கு ஆளு என்னமும் பேசுவாங்க புள்ள" என்றார். விசாரணைக்காக வண்டியைச் சோதிக்க வந்த ஆளும் அதற்கு ஏற்ற மாதிரிதான் செய்தார். இரண்டு நாள் கழித்து வந்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். பெடல் கெட்டியாக இருந்தது. சிவப்பு லைட்டும் எரியவில்லை. "பிரேக் சரி" என்றார், போய்விட்டார். பிரேக் சரி என்றால் பிழை யாருடையது? செத்தவனுடையது. செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்.

விசாரணை முடிந்ததும் காரை இழுத்து வந்து எங்கள் பெரட்டுக் களத்தில் விட்டார்கள். காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம் அது. சமமான இடம் என்றால் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு மாதக்கணக்காக, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த நசுங்கின கதவுக்குப் பக்கத்தில்தான் நான் நிற்க வேண்டும். எங்களை மேற்பார்க்கிற கண்டாக்கு என் பெயரைக் கூப்பிடுவார். நான் "இருக்கேன்" என்பேன். கதவைப் பார்ப்பேன்.

ஒரு போயா நாளில், பௌர்ணமி லீவு அன்று, முதலாளி ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஹட்டன் கராஜ் ஒன்றிலிருந்து பாஸ் ஒருவர் வந்தார். மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். பாஸின் கையில் ஒரு பேட்டரி, ஸ்பேனர்ப் பை, ஒரு சின்னப் போத்தல் பிரேக் ஒயில். முதலாளியின் கையில் ஒரு நீத்துப் பூசணிக்காய், ஒரு பை எலுமிச்சம்பழம்.

வேலை இல்லாத நாள் என்பதால் லயமே திரண்டு வந்துவிட்டது. நானும் அம்மாவும் போனோம். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். கால் போய்விட்டது.

"பூசாரிய கூப்புடுங்கப்பா," என்றார் முதலாளி. "கழிப்பு கழிச்சிட்டு வண்டிய எறக்குவோம். உசுரு போன வண்டி. சும்மா எடுக்கப்படாது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அண்ணன் செத்த எட்டாம் நாள் காரியத்துக்குச் சாமான் கொடுக்கக் கூட வராத மனிதர், கார்க் கதவுக்குக் கழிப்புக் கழிக்க வந்திருக்கிறார்.

எங்கள் லயத்துக் கடைசி வீட்டுத் தாத்தா மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார், "முதலாளி, பூசணிக்காய சக்கரத்துக்கு அடியில வைக்கவா? எறக்கத்துல நிக்கும்ல?"

"ஓய், சும்மா இரும்," என்றார் முதலாளி.

பாஸ் இதில் எதையும் கவனிக்கவில்லை. பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதை மாட்டினார். இடது பக்கக் கதவால் உள்ளே போய், குனிந்து நகர்ந்து, அண்ணனின் சீட்டில் உட்கார்ந்தார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சாவியைத் திருகினார். எல்லா லைட்டும் எரிந்தன. எஞ்சின் இருமி இருமிப் பிடித்தது. மற்ற லைட்டெல்லாம் அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை. சிவப்பு வட்டம், நடுவில் ஒரு கோடு, அதற்குக் கீழே ஒரு புள்ளி.

எனக்கு அதைத் தெரியும். அண்ணன் அதை "மொறைக்கிற கண்ணு" என்பான்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்," என்றார் முதலாளி வெளியில் நின்றபடி. "எறக்குங்க பாஸ்."

"எறக்கித்தான் இருக்கு." பாஸ் அந்தக் கைப்பிடியை மேலே தூக்கிக் கீழே விட்டுக் காட்டினார். லைட் அசையவில்லை. "ரெண்டுக்கும் ஒரே லைட்டுதான் முதலாளி. ஹேண்ட் பிரேக்குக்கும் இதுதான் எரியும், ஒயில் கொறைஞ்சாலும் இதுதான் எரியும். இது ஹேண்ட் பிரேக் இல்ல."

"மேட்டுல நிப்பாட்டுனா சும்மாவும் எரியும்ல?"

"எரியும். ஒயில் ஒரு பக்கமா சாஞ்சா எரியும். ஆனா இது பெரட்டுக் களம், சமநெலம்."

பாஸ் இறங்கி பொனட்டைத் திறந்தார். ஓரத்தில் ஒரு வெள்ளைக் குப்பி. அதன் அடியில் ஒரு வயர் மாட்டியிருந்தது. அதைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, உள்ள எட்டிப் பாரு. லைட் எரியுதா?"

பார்த்தேன். "இல்ல பாஸ் அண்ணே."

மாட்டினார். "இப்ப?"

"எரியுது."

"அப்ப வயருல பிழையில்ல. குப்பிக்குள்ள ஒரு மெதப்பு இருக்கு. ஒயில் எறங்குனா அதுவும் எறங்கி லைட்டப் போடும். நெசமாவே ஒயில் எறங்கியிருக்கு." அவர் குனிந்து, படுத்து, பின் சக்கரத்தின் உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தார். விரல் ஈரமாக வந்தது. "இந்தா, இங்க ஒழுகியிருக்கு."

"சரி, ஊத்திட்டுக் கெளம்புவோம்," என்றார் முதலாளி. கையிலிருந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் வைக்கத் தொடங்கிவிட்டார்.

பாஸ் குப்பியின் மூடியைத் திருகினார். மூடி வந்தது. மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பர் தனியே கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த ரப்பர் தேநீரில் ஊறிப்போன பணிஸ் ரொட்டி மாதிரி ஊதிப்போய் இருந்தது. அதை மூடிக்குள் திரும்ப அமுக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் துருத்திக்கொண்டு வந்தது. உள்ளே போகவே இல்லை.

"இதுக்குள்ள என்னா ஊத்துனீங்க?" என்றார் பாஸ். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"பிரேக் ஒயில்தான். வேற என்னாத்த ஊத்துவாங்க?"

பாஸ் குப்பிக்குள் எட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "ஒரு கிளாஸ் தண்ணி கொண்டாம்மா. உள்ளுக்குத் தெரியுற கிளாஸா பாத்து," என்றார்.

நான் ஓடிப் போய்க் கொண்டுவந்தேன். அவர் தன் போத்தலைத் திறந்து, புது பிரேக் ஒயிலில் நாலு சொட்டுத் தண்ணீரில் விட்டார். விட்டது தெரியாமல் கரைந்துபோனது. கலக்கிக் காட்டினார். தண்ணீர் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது. பிறகு ஒரு ஈர்க்குச்சியைக் குப்பிக்குள் விட்டு எடுத்து, அதிலிருந்து சொட்டவிட்டார். அது கரையவில்லை. மேலே வட்டமாக விரிந்து, கறுப்பும் வானவில் நிறமுமாக மிதந்தது. கலக்கினார். உடைந்து உடைந்து மிதந்ததே தவிர, கலக்கவில்லை.

"எல்லாரும் பாத்துக்குங்க," என்றார். "பிரேக் ஒயில் தண்ணியில கரையும். இது மெதக்குது. இது எஞ்சினுக்கு ஊத்துற ஒயில்."

அவர் எஞ்சின் என்று சொன்ன அந்த நிமிடம் எனக்குக் காதில் ஒரு குரல் கேட்டது. கேட்டது என்றால் பேய் பிசாசு இல்லை. அன்றைக்கு நான் கேட்ட அதே பேச்சு, வரிக்கு வரி வந்தது.

சாவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால். அண்ணன் பீலிக்கரையில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். கை ஈரம் என்பதால் போனைப் பொனட் மேல் வைத்து, சத்தமாகப் போட்டுவிட்டுத்தான் முதலாளியோடு பேசினான்.

"முதலாளி, சிவப்பு லைட்டு எரியுதுங்க. குப்பியப் பாத்தேன், பிரேக் ஒயில் கொறஞ்சிருக்கு."

"கொறஞ்சா ஊத்துடா. டிக்கியில கேன் கெடக்குல்ல."

"அது எஞ்சினுக்கு ஊத்துறதுங்களே. டவுனுக்கு வந்து பிரேக் ஒயில் வாங்கி ஊத்தவா?"

"நீ டவுனுக்கு வந்து போறதுக்குள்ள ஹயர் போயிரும். ஒயில்னா ஒயில்தான்டா. ஊத்திட்டுக் கெளம்பு."

அண்ணன் ஊற்றினான். லைட் அணைந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியா, நம்ம முதலாளி மூளக்காரரு," என்றான். நானும் சிரித்தேன். எங்களுக்கு என்ன தெரியும்? தேங்காய் எண்ணெய் இல்லாவிட்டால் மரக்கறி எண்ணெயில் வடை சுடுகிறவர்கள் நாங்கள். பெயரிலேயே ஒயில் என்று இருந்தால் ஒயிலைத்தானே ஊற்றுவார்கள். அந்தப் பெயரை வைத்தவனைச் சொல்ல வேண்டும். அந்த மிதப்புக்கும் எங்களுக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். எதில் மிதக்கிறோம் என்று அது பார்க்காது. மிதந்தால் போதும், லைட்டை அணைத்துவிடும்.

அதற்குப் பிறகு சில நாட்கள் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தான். பெடல் கல் மாதிரி இருக்கிறது, சக்கரத்தில் தீய்ந்த வாடை வருகிறது, காலை எடுத்தாலும் வண்டி இழுத்துப் பிடிக்கிறது என்று. முதலாளியிடமும் சொன்னான். நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் சொன்னான். அவர் கேட்டது ஒரே கேள்வி. "லைட் எரியுதா?" "இல்லைங்க." "அப்ப என்னாடா, ஓட்டு."

பாஸ் இப்போது கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "எஞ்சின் ஒயில் பட்டா இந்த ரப்பருங்க ஊதிரும். மூடியில மட்டுமில்ல, உள்ள இருக்கிற அத்தனை ரப்பரும். ஊதிட்டா, மிதிச்ச பிரேக் திரும்பி வராது. கால எடுத்தாலும் உரசிக்கிட்டே ஓடும். எறக்கத்துல சூடேறிச் சூடேறி உள்ள கொதிச்சிரும். கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும். எத்தனை தரம் மிதிச்சாலும் புடிக்காது."

"அப்ப ஏன் பாஸ் அண்ணே, சோதிக்க வந்தவரு மிதிச்சப்ப மட்டும் புடிச்சிச்சு?" என்று நான் கேட்டேன்.

"ஆறிப்போனா திரும்ப புடிக்கும் தங்கச்சி. ரெண்டு நாள் கழிச்சு மிதிச்சா கல்லு மாதிரிதான் இருக்கும். இப்ப நாள் போயி ரப்பர் வெடிச்சு ஒழுகியிருக்கு. அதான் லைட்டு எரியுது."

மிதித்தான், மிதித்தான், பிடிக்கவில்லை. அந்தப் பெரியம்மா சொன்னது சரி.

நான் முதலாளிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் நாலாவது எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கி போன்ல என்னா சொன்னீங்க?"

"என்னைக்கி?"

"பிரேக் ஒயில் கொறஞ்சிருக்குன்னு அண்ணன் கேட்டப்ப. நான் பக்கத்துலதான் துணி அலசிக்கிட்டு இருந்தேன்."

"பிரேக் ஒயில் ஊத்துன்னு சொல்லியிருப்பேன். அவன் எதை எடுத்து ஊத்துனானோ, எனக்கு எப்படித் தெரியும்? அவன் இருந்த நெலமைக்கு..."

"எந்த நெலமைக்கு?" என்று கத்தினேன். "சொல்லுங்க, எந்த நெலமைக்கு? டிக்கியில இருக்கிற கேன்னு நீங்கதானே சொன்னீங்க!"

பாஸ் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். கேன் அங்கேயேதான் கிடந்தது, பாதி குறைந்து, அதன் மேல் அண்ணன் வண்டி துடைக்கிற துணியைச் சுருட்டி வைத்திருந்தான். அந்தத் துணி என் பழைய பாவாடை. பாஸ் கேனைத் தூக்கிப் பொனட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

முதலாளி அதைப் பார்த்தார். பாஸைப் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தை எதிர்பார்த்தேன். பயம் இல்லை. விளங்காமைதான் இருந்தது. நிஜமாகவே விளங்கவில்லை அவருக்கு.

"ஏன் பாஸ்," என்றார், "ஒயில்னா ஒயில்தானே?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு எல்லோரையும் பார்த்தேன்.

"இதைத்தான் சொன்னாரு," என்றேன். "வார்த்தைக்கு வார்த்தை இதைத்தான் அண்ணன்கிட்ட சொன்னாரு. ஒயில்னா ஒயில்தான்டா, ஊத்திட்டுக் கெளம்புன்னு."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் போட்டுக்கொண்டார் என்று தெரியவில்லை. "தெரியாம சொல்றதுதானே," என்றார். "அது ஒரு பெரிய விசயமா? சரி, நடந்தது நடந்து போச்சி. பாஸ், நல்ல பிரேக் ஒயில ஊத்துங்க. லைட்டு போகும்ல? டவுனுக்கு எறக்கி மிச்சத்தப் பாப்போம்."

பாஸ் போத்தலைக் கையில் எடுத்தார். சொன்னதைச் செய்தார். குப்பிக்குள் ஊற்றினார். உள்ளே மிதப்பு ஏறியிருக்க வேண்டும். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிவப்புக் கண் மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா, போயிருச்சி!" என்றார் முதலாளி.

"போயிருச்சி," என்றார் பாஸ். உள்ளே கையை விட்டு எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்தார். அதை முதலாளியின் பக்கம் நீட்டினார். "லைட்டு இல்ல. ஆனா நான் ஓட்டமாட்டேன். எல்லா ரப்பரையும் மாத்தி, குழாயெல்லாம் கழுவுற வரைக்கும் இதை எறக்கத்துல யாரும் ஓட்டப்படாது. கட்டி இழுக்கிறதுன்னாலும் பிரேக்கு வேணும். லொறியில ஏத்தணும்."

"அட, மெதுவா போவோம் பாஸ்."

எனக்குள் அத்தனை மாதமாகக் கிடந்தது அப்போதுதான் வாய் வழியாக வந்தது. "நீங்க ஏறுங்க முதலாளி," என்றேன். "லைட்டுதான் எரியலயே. ஒயில்னா ஒயில்தானே. ஏறி ஓட்டிக்கிட்டுப் போங்க. நாங்க பூசணிக்காய ஒடைக்கிறோம்."

"ஏறுங்க முதலாளி," என்றார் கடைசி வீட்டுத் தாத்தா. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

முதலாளி சாவியை வாங்கவில்லை. பாஸின் கை நீட்டியபடியே இருந்தது. கீழே ரோட்டில் ஒரு பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு இறங்கிப் போனது.

அப்போது எங்கள் அம்மா பேசினாள். சாவு வீட்டிலிருந்து அன்றைக்கு வரைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள்.

"எம்புள்ள ஏறுனானே முதலாளி. நீங்க சொன்னீங்கன்னு ஏறுனானே."

அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி ஆட்டோவைக் கூப்பிட்டார். போகும்போது, யாரையும் பார்க்காமல், மண்ணைப் பார்த்துக்கொண்டு, "குடிச்சிருந்தான்னு யாரோ சொன்னாங்க, அதைத்தான் சொன்னேன்," என்றார். யார் என்று நான் கேட்டேன். ஆட்டோ கிளம்பிவிட்டது. பூசணிக்காய் களத்திலேயே கிடந்தது. அன்று சாயங்காலம் அடுத்த லயத்துப் பிள்ளைகள் அதை உருட்டி விளையாடினார்கள்.

கோயிலில் வைத்து அந்தச் சனியனைப் பற்றிப் பேசின அக்கா ஒருத்தி என் கையைப் பிடித்தாள். "எங்களுக்குத் தெரியாதாடி? ஒங்க அண்ணன் தங்கம்டி," என்றாள்.

"அப்ப ஏங்க்கா அன்னைக்கி சொன்னீங்க?"

"ஊர் பேசுனதத்தான்..."

"ஊர் இல்லக்கா. நீங்க," என்று கையை எடுத்துக்கொண்டேன். அவள் கோபித்துக்கொண்டு போனாள். போகட்டும். இப்போது பாவம் பார்க்கிறார்கள் என்பதற்காக நான் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமா?

தெரியாமல் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. அண்ணனுக்கும்தான் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததை யாரும் சொல்லிவிடலாம். ஆனால் அவன் கேட்டான். எஞ்சினுக்கு ஊற்றுவதாச்சே, வாங்கி வரவா என்று கேட்டான். கேட்டவனை ஓட்டச் சொல்லி அனுப்பிவிட்டு, அவன் செத்த பிறகு அவன் வாயில் சாராயத்தை ஊற்றினார் பாருங்கள், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அண்ணன் பள்ளத்துப் பக்கம் போகவில்லை. பாறைப் பக்கம் திருப்பினான். குடித்தவனுக்கு அவ்வளவு நிதானம் இருக்குமா? இதைக் கேட்க எத்தனை பேர் இருந்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

காரை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. பெரட்டுக் களத்தில் அது நின்ற இடத்தில் புல் மஞ்சளாகக் கிடந்தது. இப்போது பச்சை வந்துவிட்டது. வண்டியைச் சோதித்தவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸும் வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். எத்தனை தடவை சொன்னாலும் போவேன்.

பாஸ் கிளம்பும் முன் அந்தக் குப்பி மூடியையும் ஊதின ரப்பரையும் ஒரு துணியில் சுற்றி என் கையில் தந்தார். "புது மூடி போட்டுக்குவேன். இது ஒன்கிட்ட இருக்கட்டும்," என்றார். அண்ணனின் படத்துக்குக் கீழே உள்ள தட்டில் வைத்திருக்கிறேன். கழுவி, வெயிலில் காய வைத்தும் பார்த்தேன். அது பழையபடி சுருங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வருகிற யாராவது அந்த வளைவைப் பற்றிப் பேச்செடுத்து, ஸ்பீடு என்றோ வேறு ஏதாவது என்றோ இழுத்தால், நான் சண்டைக்குப் போவதில்லை. அந்த இரண்டையும் எடுத்து அவர்கள் கையில் கொடுக்கிறேன்.

"இந்தாங்க. இதை இதுக்குள்ள போட்டு மூடுங்க பாப்போம்," என்கிறேன்.

இதுவரைக்கும் யாராலும் முடியவில்லை.